பழைய இன்ஜினைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்க ஒரு ஸ்டாண்டு

ஒரு அம்பாசிடர் இன்ஜினை முழுசாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டு, புது பிஸ்டனும் ரிங்ஸும் மாட்டி, திரும்பப் பூட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நேராக வண்டியில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். இறக்கி உட்கார வைத்து, மவுண்டிங் போட்டு, ரேடியேட்டர் மாட்டி, ஒயரிங் கொடுத்து, சைலன்சர் பூட்டி முடிக்க ஒரு பகல் போய்விடும். சாவியைத் திருப்புகிறோம். ஸ்டார்ட் ஆகிறது. பத்தாவது நிமிஷம் பின்பக்கத்திலிருந்து ஆயில் சொட்டுகிறது. அவ்வளவுதான், மாட்டியதை எல்லாம் மறுபடி கழற்ற வேண்டும்.

இந்த இரட்டை வேலையைத் தவிர்க்கத்தான் டெஸ்ட் ஸ்டாண்டு. வண்டி இல்லாமலே ஒரு இன்ஜின் ஓட என்னென்ன வேண்டுமோ, அதாவது உட்கார இடம், பெட்ரோல், கரண்ட், தண்ணீர், புகை வெளியே போக வழி, இத்தனையையும் ஒரு இரும்புச் சட்டத்தில் சேர்த்து வைப்பது. வேறொன்றும் இல்லை. மதுரை புதூரில் என் வீட்டுப் பின்னால் இருக்கும் சின்ன ஷெட்டில் இப்படி ஒன்றைச் செய்து, மூன்று வருஷமாகத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு அதிலிருந்து சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுவோம். பட்டறைகளில் இன்ஜினைப் பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, சுற்றித் திருப்பி வேலை பார்க்க வசதியாக ஒற்றைக் கால் ஸ்டாண்டு ஒன்று இருக்கும். அது பிரித்துப் பூட்டுவதற்கு மட்டும். அதில் வைத்து இன்ஜினை ஓட்டவே கூடாது. 150 கிலோ எடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் ஆட்டமும் சேர்ந்தால் போல்ட் தாங்காது.

இரண்டாவது, டைனமோமீட்டர். இன்ஜினுக்கு எதிர்ப்புக் கொடுத்து அதன் குதிரைத்திறனை அளப்பது அது. பிரெஞ்சுப் பொறியாளர் கஸ்பார் த ப்ரோனி 1821-ல் இதற்கு ஒரு பிரேக் செய்தார். சுழலும் டிரம்மை இறுக்கிப் பிடித்து, எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது. பாலிடெக்னிக்கில் தெர்மல் லேப் பார்த்தவர்களுக்கு கயிறும் ஸ்பிரிங் தராசும் தொங்கும் ரோப் பிரேக் ஞாபகம் இருக்கும். அதுவும் இதே குடும்பம்தான். நம் ஸ்டாண்டு அந்த வேலையைச் செய்யாது. பாரம் இல்லாமல் இன்ஜினை ஓட்டி, கசிவு இருக்கிறதா, ஆயில் பிரஷர் வருகிறதா, சூடு ஏறுகிறதா, நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்ப்பதோடு இதன் எல்லை முடிகிறது. அந்த எல்லைக்குள் மிகப் பெரிய உதவி.

ஸ்டாண்டு மேல் சந்தேகம் வரக்கூடாது

பழைய பெட்ரோல் இன்ஜின் ஒன்று ஓடவில்லை என்றால் காரணம் நாலில் ஒன்று. பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் வரவில்லை, கம்ப்ரஷன் இல்லை (சிலிண்டருக்குள் காற்று அழுந்தவில்லை), டைமிங் தப்பு (ஸ்பார்க் வரும் நேரம் சரியில்லை). வண்டியில் இருக்கும்போது இந்த நாலும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். நாற்பது வருஷத்து ஒயரிங், துருப்பிடித்த டேங்க், அடைத்த பைப் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வந்து நிற்கும்.

ஸ்டாண்டின் பலமே அந்தப் பட்டியலைச் சுருக்குவதுதான். பெட்ரோல் நல்லது, பேட்டரி நல்லது, ஒயர் புதிது என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும்போது மீதிக் குறை இன்ஜினில்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அந்த நிச்சயம் உண்மையாக இருக்க வேண்டும். ஸ்டாண்டிலேயே ஒரு குறை ஒளிந்திருந்தால் நல்ல இன்ஜினைப் போட்டுக் குடைவோம். நான் அப்படித்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன்.

என்னிடம் முதலில் ஏறியது அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக நம் ஊருக்கு வந்தது, நாலு சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2. மதுரையில் பழைய டாக்சி ஓட்டுநர் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார். அழகாக ஸ்டார்ட் ஆனது. ஆறு நிமிஷம் மணி அடித்த மாதிரி ஓடியது. அப்புறம் இருமத் தொடங்கி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் ஆறவிட்டு செல்ஃப் அடித்தால் மறுபடி ஸ்டார்ட். மறுபடி ஆறு நிமிஷம்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் யாருக்கும் முதலில் இக்னிஷனில் இருக்கும் கண்டென்சர் மேல்தான் சந்தேகம் வரும். மாற்றினேன். அதே கதை. ஸ்பார்க்குக்கு வோல்ட் ஏற்றிக் கொடுக்கும் காயிலை மாற்றினேன். கார்புரேட்டரை இரண்டு தடவை இறக்கி, ஜெட்டை ஊதி, பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையான ஃப்ளோட்டைக் குலுக்கிப் பார்த்தேன். மாற்றமே இல்லை. கடைசியில் பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. அது இருமத் தொடங்கியதும் டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. இன்ஜின் உடனே சீரானது.

“தம்பி, டேங்குக்கு மூச்சு விட வழி வச்சியா?” என்றார்.

மூடியில் ஊசி போகும் அளவு ஓட்டை ஒன்று இருந்தது. டேங்குக்கு பெயின்ட் அடித்தபோது அதுவும் சேர்ந்து மூடிவிட்டது. நல்லெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் விட்டு விட்டு வந்து நின்றுவிடும் இல்லையா? எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக இறங்கும். இங்கேயும் அதேதான். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டத்தை நிறுத்திவிட்டது. நிறுத்தி வைத்த பத்து நிமிஷத்தில் மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று புகுந்ததால் மறுபடி ஓடியது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெட்ரோல் பக்கம்

டேங்கை உயரத்தில் வைத்து, தானாக இறங்கும்படி விடுவதுதான் சிறந்தது. பெட்ரோல் பம்பு தேவையில்லை. இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கார்புரேட்டருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் பெட்ரோல் நின்றால் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு). இரண்டு அடி உயரம் வைத்தால் அரைக்குச் சற்று மேலே. இந்தக் காலத்து இன்ஜெக்டருக்கு இது எந்த மூலைக்கும் போதாது. ஆனால் பழைய கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரை நிரப்ப, அதுவும் பாரம் இல்லாமல் ஓடும்போது, தாராளமாகப் போதும். ரொம்ப உயரத்தில் வைத்தால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும்.

இன்ஜினிலேயே இருக்கும் பெட்ரோல் பம்பை முதல் ஓட்டத்தில் சேர்க்காதீர்கள். டேங்கிலிருந்து நேராக கார்புரேட்டருக்குக் கொடுங்கள். இன்ஜின் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பம்பை நடுவில் சேர்த்து ஓட்டுங்கள். அப்போது நின்றால் குறை பம்பில்தான். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுவது என்ற இந்தப் பழக்கம் ஸ்டாண்டு வேலை முழுவதற்கும் பொருந்தும்.

டேங்க் சின்னதாக இருக்கட்டும். என்னுடையது இரண்டு லிட்டர். பழைய மொபெட் டேங்க் கிடைத்தாலும் சரி, திறந்து மூடும் காக்கோடு வரும். வைக்கும் இடம்தான் முக்கியம். சூடான புகை வெளியேறும் மேனிபோல்டு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதுவும் கசிந்தால் சூடான பைப்பில் சொட்டாத இடமாக வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் போய்ப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஷெட்டுக் கதவைத் திறந்து வைப்பதோடு, தரை மட்டத்தில் காற்று போகிறதா என்றும் பாருங்கள். பேட்டரி சார்ஜரைத் தரையில் வைக்காதீர்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நான் சாவியைத் தொடுவதில்லை.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய காலத்து ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் இதில் ஊறிப் போய்விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஸ்டாண்டுக்கு எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போட்டு, ஓட்டி முடித்ததும் டேங்கையும் ஃப்ளோட் சேம்பரையும் காலி செய்துவிடுங்கள். அடுத்த வாரம் வரும்போது பழைய பெட்ரோல் மேல் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

கரண்ட் பக்கம்

டேங்க் விஷயத்தில் பட்ட பிறகும் பெயின்ட் என்னை விடவில்லை. சட்டத்துக்கு அழகாக பச்சை பெயின்ட் அடித்து, பேட்டரி எர்த் கேபிளை அந்தச் சட்டத்திலேயே போல்ட் போட்டு இறுக்கினேன். செல்ஃப் அடித்தால் இன்ஜின் நொண்டி நொண்டிச் சுற்றியது. புது பிஸ்டன், இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே விட்டிருந்தால் செல்ஃப் மோட்டார் எரிந்திருக்கும்.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு நண்பரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எர்த் நன்றாக இருந்தால் இங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 2.6 வோல்ட் காட்டியது. செல்ஃப் இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரியே 10-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதில் இரண்டரை வோல்ட் பெயின்டிலேயே காணாமல் போனால் மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழு சொச்சம்தான். கிரைண்டரில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்துப் பூட்டிய பிறகு 0.15 வோல்ட். இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியது.

அதற்கும் மேலே ஒரு படி போய், இப்போது சட்டத்தை எர்த்துக்கு நம்புவதே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக செல்ஃப் மோட்டார் பூட்டும் போல்ட்டுக்கே தடித்த கேபிள் கொடுத்துவிட்டேன். ரப்பர் மவுண்டிங் மேல் உட்காரும் இன்ஜின் மின்சாரத்தைப் பொறுத்தவரை சட்டத்தோடு ஒட்டாமல் மிதக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

ஒயரிங் சின்னதுதான். பேட்டரி, ஒரு ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்ச், காயில், செல்ஃபுக்கு ஒரு புஷ் பட்டன். இதோடு பெரிய சிவப்பு நிறுத்து பட்டன் ஒன்று, இன்ஜினிலிருந்து ஒரு எட்டு தள்ளி. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். உங்களிடம் வந்த இன்ஜினின் டைனமோ எந்த முறைக்கானது என்று பார்த்துவிட்டு பேட்டரியை இணையுங்கள். ஆரம்பத்தில் டைனமோவை இணைக்காமலே ஓட்டுவது இன்னும் எளிது. இருபது நிமிஷ ஓட்டத்துக்கு சார்ஜ் ஆன பேட்டரியே போதும்.

சட்டம்

அளவு பெரிய ரகசியம் அல்ல. 50×50×6 எம்.எம். ஆங்கிள் மீட்டருக்கு நாலரை கிலோ. எனக்கு 12 மீட்டர் செலவானது, 54 கிலோ. அடிச்சட்டம் நாலடி நீளம், மூன்றடி அகலம். அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திறந்தால் கிராங்க் ஒரு பக்கம் வேகமெடுக்கும், பிளாக் எதிர்ப்பக்கம் சாய்ந்து உதறும். இன்ஜின் எவ்வளவு மேலே உட்கார்கிறதோ அவ்வளவு அகலமான கால் வேண்டும்.

இன்ஜினைப் பிடிக்கும் இடங்களை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். வண்டியில் எங்கே பிடித்திருந்தார்களோ அங்கேயே பிடியுங்கள். முன்பக்கம் இரண்டு பக்கமும் அதன் சொந்த ரப்பர் மவுண்டிங். பின்பக்கம்தான் சிக்கல். வண்டியில் அங்கே கியர் பாக்ஸ் தாங்கிக்கொண்டிருக்கும், ஸ்டாண்டில் அது இல்லை. கியர் பாக்ஸைச் சேர்த்துப் பூட்டும் பெல் ஹவுசிங் போல்ட் துளைகளுக்குப் பொருந்தும்படி 10 எம்.எம். தகடு ஒன்று வெட்டி, நடுவில் பிளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்ற இடம் விட்டு, அதைச் சட்டத்தோடு பூட்ட வேண்டும். வெளியே தெரியும் பிளைவீலுக்கு வலைக்கம்பியோ தகடோ போட்டு மூடி கட்டாயம். ஓடும்போது ஃபேனுக்கும் பிளைவீலுக்கும் நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். ஏதாவது உடைந்து பறந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும்.

முதல் ஸ்டாண்டில் நாலு கால், மேலே ஒரு சதுரம், கீழே ஒரு சதுரம், அவ்வளவுதான் இருந்தது. அடியில் காஸ்டர் வீல். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) மொத்தச் சட்டமும் காய்ச்சல் வந்தவன் போல நடுங்கும். ரேஸ் செய்தால் அமைதியாகிவிடும். இன்ஜின் வேகமாக ஓடும்போதுதானே அதிகம் ஆட வேண்டும், இது ஏன் தலைகீழாக இருக்கிறது?

விடை ஊஞ்சலில் இருக்கிறது. ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் விரலால் தள்ளினாலும் உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஏறாது. இரும்புச் சட்டத்துக்கும் அப்படி ஒரு தாளம் இருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். ஐட்லிங் 700 சுற்று என்றால் நிமிஷத்துக்கு 1400 வெடிப்பு, நொடிக்கு 23. என் சட்டத்தின் தாளமும் அங்கேதான் எங்கேயோ இருந்திருக்கிறது. வேகம் கூடியதும் தாளம் தப்பியது, நடுக்கம் நின்றது.

சட்டத்தின் தாளத்தை மேலே தள்ள வேண்டும், அதாவது விறைப்பாக்க வேண்டும். தடித்த இரும்பு வாங்கினால் ஆகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தல் போடுபவர்களைப் பாருங்கள். நட்ட கால்களுக்கு நடுவே ஒரு மூங்கிலைச் சாய்வாகக் குறுக்கே கட்டுவார்கள். அதுவரை ஆடிக்கொண்டிருந்த பந்தல் கல்லாக நிற்கும். நாலு பக்கச் சட்டத்தை நசுக்கிச் சாய்க்கலாம், முக்கோணத்தை அப்படிச் சாய்க்க முடியாது. நாலு பக்கமும் ஒவ்வொரு சாய்வு ஆங்கிள் வெல்டிங் வைத்தேன். கூடுதல் இரும்பு அதிகம் ஆகாது. ஐட்லிங்கில் டேங்க் மேல் தம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், லேசாக வளையம் விட்டதோடு சரி.

காஸ்டர் வீலும் ஒரு தலைவலி. பூட்டுப் போட்ட வீல்கூட ரேஸ் செய்யும்போது மெல்ல நகர்ந்து சுவரை நோக்கிப் போகும். நாலு மூலையிலும் திருகி இறக்கும் கால் வைத்து, ஓட்டும்போது வீல் தரையைத் தொடாதபடி தூக்கிவிடுகிறேன்.

தண்ணீர்

வண்டியின் ரேடியேட்டரையே சட்டத்தில் நிறுத்தலாம். ஃபேனுக்கு மிகப் பக்கத்தில் இருந்தால்தான் காற்று இழுக்கும். ரேடியேட்டர் இல்லையென்றால் 50 லிட்டர் டிரம் ஒன்று போதும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். பாரம் இல்லாமல் ஓடும் இன்ஜின் மணிக்கு 2 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம். மணிக்கு 64. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது என்றால் 21 மெகாஜூல். 50 லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏற்ற பத்தரை மெகாஜூல் வேண்டும். ஆக, அரை மணி நேரம். ஒரு சோதனைக்கு இது தாராளம்.

போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வெந்நீர் அண்டாவில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படியே பிளாக்குக்குள்ளும் படியும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ நல்லது.

புகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேனிபோல்டிலிருந்து வளையும் பைப் ஒரு துண்டு, அப்புறம் சைலன்சர், அதன் வாய் ஷெட்டுக்கு வெளியே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்த பிறகு கதவைத் திறப்பது தாமதம்.

மீட்டர்கள்

நிறைய மீட்டர் வைத்தால் அழகு, ஆனால் உயிர் காப்பது ஒன்றுதான். ஆயில் பிரஷர். விளக்கு எரியும் சுவிட்ச் வேண்டாம், முள் காட்டும் கேஜ் வேண்டும். பொதுவாக 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது ஒரு குறைந்தபட்சக் கணக்கு. சூடான பிறகும் அது குறையாமல் இருந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குளிரில் எல்லா இன்ஜினும் நல்ல பிரஷர் காட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடுத்து தண்ணீர் சூடு. அப்புறம் வேகம் காட்டும் மீட்டர். இந்த மூன்றையும் சட்டத்தில் நேராக பூட்டாமல் தனிப் பலகையில் ரப்பர் வைத்துப் பூட்டுங்கள். நடுக்கத்தில் முள் ஆடினால் படிப்பது எங்கே?

ஊர்ப்பக்கத்து ஆயில் இன்ஜின்

இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பழைய பம்பு செட்டு அறைகளில் லிஸ்டர் வகை ஆயில் இன்ஜின் இன்னும் கிடக்கிறது. விவசாய மின்சாரம் இலவசமான பிறகு கரண்ட் மோட்டார் வந்து, அது மூலைக்குப் போனது. இப்போது அதையும் சிலர் தேடி எடுத்து உயிர் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்த வடிவம், ராஜ்கோட் பட்டறைகளில் பல்லாயிரமாக வார்க்கப்பட்டது. 6 குதிரைத்திறன், 650 சுற்று. பிஸ்டன் விட்டம் 114.3 எம்.எம்., அது மேலும் கீழும் ஓடும் தூரம் 139.7 எம்.எம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே சிலிண்டரில் 1433 சி.சி. அம்பாசிடர் நாலு சிலிண்டரில் வைத்திருப்பதை ஏறக்குறைய இது ஒன்றிலேயே வைத்திருக்கிறது!

அந்த ஒற்றைப் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதைச் சமன் செய்ய பக்கத்தில் இன்னொரு பிஸ்டன் இல்லை. 300 கிலோவைத் தாண்டும் இன்ஜின் நொடிக்குப் பதினொரு தடவை தரையை உதைக்கும். இதற்கு ஆங்கிள் சட்டமும் காஸ்டர் வீலும் ஆகாது. அந்தக் காலத்தில் கான்கிரீட் மேடையில் ஃபவுண்டேஷன் போல்ட் போட்டுப் புதைத்ததற்கு அதுதான் காரணம். தற்காலிகமாக ஓட்ட, கனமான மரக்கட்டை இரண்டின் மேல் பூட்டி, கட்டையைக் கெட்டியான மண் தரையில் வைக்கலாம். மரமும் மண்ணும் அதிர்வை வாங்கிக்கொள்ளும். டீசல் என்பதால் சுவிட்சை அணைத்து நிறுத்த முடியாது. பம்பில் டீசலை நிறுத்தும் கட் ஆஃப் வேலை செய்கிறதா என்று ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கையால் அசைத்துப் பாருங்கள். அது சிக்கிக்கொண்டால் காற்று போகும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் ஓட்டம்

பிளக் நாலையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் இல்லாமல், பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடியுங்கள். ஆயில் கேஜில் முள் எழும் வரை. இதில் பொறுமை இழந்து ஸ்டார்ட் செய்தால் புது பேரிங் வறண்டு தேயும். முள் எழுந்த பிறகு அப்படியே கம்ப்ரஷனும் பார்த்துவிடலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அப்புறம் பிளக், ஒயர், பெட்ரோல் காக்.

ஸ்டார்ட் ஆன முதல் ஐந்து நொடி சத்தத்தைக் கேட்காதீர்கள், கேஜைப் பாருங்கள். பிரஷர் இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் புதிதாகப் போட்டிருந்தால் ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்றுக்குப் பக்கத்தில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். மெதுவாகச் சுற்றினால் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. அதே சமயம் மணிக்கணக்காக ஓட்டிக் கொண்டாடவும் கூடாது. பாரம் இல்லாத ஓட்டத்தில் புது ரிங்ஸ் சிலிண்டர் சுவரில் சரியாகப் பதியாது. சுவர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போய், பிறகு ஆயில் குடிக்கும். புது பாகங்களைப் பழக்கும் ரன்னிங் இன் வண்டியில்தான், ரோட்டில்தான். ஸ்டாண்டில் பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். ஆறிய பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி ஒரு முறை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் வைத்துச் சரிபாருங்கள்.

நிறுத்திய பின் செய்யும் ஒரு சின்னப் பழக்கம் எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. இன்ஜினுக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்துவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் அட்டையில் எங்கே, என்ன நிறத்தில் புள்ளி இருக்கிறது என்று பார்த்தால் எந்த கேஸ்கட் என்று தெரிந்துவிடும்.

மதுரையில் இந்த வேலைக்குக் கை கொடுக்க ஆள் பஞ்சமில்லை. இங்கே வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனத்தின் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்டத் தொடங்கியது 1912-ல். நூறு வருஷத்துக்கு மேலாக லேத், வெல்டிங், ஸ்பிரிங், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை வளர்ந்த ஊர். தகட்டின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுநாள் வெட்டித் தந்துவிடுவார்கள். படம்தான் சரியாக இருக்க வேண்டும்.

அதற்கு நான் செய்வது இது. பழைய தினசரி காலண்டரின் அட்டையை எடுத்துக்கொள்கிறேன். இன்ஜினின் பின்முகத்தில் போல்ட் துளைகளின் விளிம்பில் மட்டும் விரலால் கிரீஸ் தடவி, அட்டையை அசையாமல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் ஒவ்வொரு துளையும் வட்டமாகப் பதிந்திருக்கும். அந்த வட்டத்தின் நடுவில் ஊசியால் குத்தினால் அதுவே தகட்டுக்கு அளவு. அடுத்ததாக ஏறப்போவது பியட்டின் 1089 சி.சி. இன்ஜின். இது அம்பாசிடரைவிடச் சின்னது, முன்பக்க மவுண்டிங் இருக்கும் இடமும் வேறு. அதனால் முன்பக்கக் கைகளைக் குழாய்க்குள் குழாயாக நீட்டிச் சுருக்கும்படி மாற்றியிருக்கிறேன். பின்பக்கத் துளைகளை நேற்று அட்டையில் பதித்து எடுத்தாயிற்று. தகடு வெட்டி வர வேண்டியதுதான் பாக்கி.